மூணாம் வகுப்பிலேயே ஃபெயில் போடுவார்களா? அந்த ஆடியோ சொல்வது தவறு

“மூணாம் வகுப்புக்கு மத்திய அரசு பரீட்சை வைக்குது, தேறலைன்னா பிள்ளைக்கு மறுபடி அதே வகுப்புதான்” என்று ஒரு ஆடியோ சேலம், ஏற்காடு பக்கத்துப் பெற்றோர் குழுக்களில் சுற்றுகிறது. சுத்தப் பொய்.

அதில் சொல்லப்படும் தேர்வு தேசிய அடைவு ஆய்வு, அதாவது பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று மத்திய அரசு பார்க்கும் கணக்கெடுப்பு. இப்போதைய பெயர் பரக் ராஷ்ட்ரிய சர்வேக்ஷண். 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு, அதுவும் தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில் மட்டும் நடந்தது. மாவட்டமும் மாநிலமும் எப்படி இருக்கின்றன என்றுதான் அறிக்கை வரும், உங்கள் பிள்ளை பெயரில் மார்க்கே வராது, அப்புறம் ஃபெயில் எங்கிருந்து வரும்?

கூடவே வரும் செய்தித்தாள் துண்டு பழசு. 5, 8ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் தமிழக அரசு அறிவித்தது நிஜம்தான், எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் அரசே ரத்து செய்துவிட்டது. கேந்திரிய வித்யாலயா மாதிரி மத்திய அரசுப் பள்ளிகள் கதை வேறு: 2024 டிசம்பர் விதிப்படி 5, 8ஆம் வகுப்பில் நிறுத்திவைக்கலாம், ஆனால் அதற்கு முன் மறுதேர்வு உண்டு. அங்கேயும் மூணாம் வகுப்புக்கு இது கிடையாது.

சரி, பயம் முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். மாவட்டம் பின்தங்கினால் கேள்வி ஆசிரியரிடம்தான் வருகிறது. மலையில் இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில், ஒருவர் மூன்று வகுப்பைச் சமாளித்துக்கொண்டே மாதிரித்தாளும் நடத்த வேண்டும், எட்டு வயதுப் பிள்ளை கொடுத்த விடைகளில் சரியானதைக் குறிக்கப் பழக வேண்டும். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தாராளமாகக் கேளுங்கள்.