கடைசியாப் பேசுனவுக சொல்றதுதான் வேதமாம்!

எங்க வீட்டுக்காரவுக காலையில ஒரு முடிவோட காரைக்குடிக்குக் கிளம்புவாக. சாயங்காலம் வேற முடிவோட திரும்புவாக. நடுவுல எவுகளைப் பார்த்தாகளோ, அவுக முடிவு அது. இப்படி ஒரு எடுப்பார் கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு ஒரு தரை போட முடியலைங்க எனக்கு!

ரெண்டாங்கட்டுல தரை பேர்ந்து கெடக்கு. காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில கையால செய்யுற சிமெண்டுத் தரைக்கல்லுதான்னு பேசி முடிச்சு, ஆத்தங்குடிக்கே போயி, செவப்புல பூப்போட்டதாப் பார்த்து அட்வான்ஸும் குடுத்தாச்சு. கண்ணாடி மேல அச்சு வச்சு, கலரை ஊத்தி, அச்சை எடுத்துட்டு மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணித் தொட்டியில ஊறப்போடுறதை வாயைப் பொளந்து பார்த்தாக. அந்தக் கண்ணாடியாலதான் பளபளப்பு, சூளையில சுடுறதே இல்லைன்னு எனக்கே பாடம் எடுத்தாக.

மறுநாளே டீக்கடையில எவரோ ஓதிவிட்டாரு. "இந்தா பாரு, அது கறை புடிக்குமாமே? கடையில விக்கிற விட்ரிஃபைடு டைல்ஸு போட்டா தலைவலியே இல்லையாம்."

ஏங்க, நீங்க தவழ்ந்து வளந்ததே அந்தக் கல்லுலதானே! உங்க அப்பத்தா தேங்கா எண்ணெ தொட்டுத் தொடச்ச முகப்புத் தரையில இன்னைக்கும் மொகம் தெரியுது. ஆசிட் ஊத்திக் கழுவினாத்தான் அது கெடும். நடக்க நடக்க மெருகுதான் ஏறும். கண்ணால பாத்த சொந்த வீட்டை விட டீக்கடைப் பேச்சு பெருசாப் போச்சா?

அப்புறம் மெட்ராஸ்லருந்து சித்தப்பா மகன் வந்தாரு, கிரானைட்டு. பங்காளி வீட்டு விசேஷத்துல ஒருத்தர், மார்பிள். எல்லாத்துக்கும் இவுக தலையாட்டுறாக. கொத்தனாரு பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு வேற வேலைக்குப் போயிட்டாரு. வாங்கிப்போட்ட சிமெண்டு மூட்டை எறுகிப் போச்சு.

நான் சொன்னா மட்டும் "உனக்கென்ன தெரியும்". அதையே வெள்ளச் சட்டை போட்ட ஆளு சொன்னா, "அவரு விவரமானவரு". இப்ப என் காரியம் ஏதாச்சும் நடக்கணும்னா எங்க அண்ணனுக்குப் போனைப் போட்டு, "நீயாச் சொல்ற மாதிரி சொல்லுண்ணே"ங்கிறேன். சொந்தப் புருஷங்கிட்டப் பேச சிபாரிசு! அசிங்கமா இருக்கு.

மக சைக்காலஜி படிக்கிறா. அவ சொன்னது, 1950கள்ல அமெரிக்காவுல சாலமன் ஆஷ்னு ஒருத்தரு, ஒரு கோட்டைக் காட்டி, இது அந்த மூணு கோட்டுல எதுக்குச் சமம்னு கேட்டாராம். சுத்தி இருந்தது பூரா அவரு செட் பண்ண ஆளுக, வேணும்னே தப்பாச் சொல்லுவாகளாம். அதைக் கேட்டு, முக்காவாசிப் பேரு ஒரு தடவையாச்சும் தப்புக்குத் தலையாட்டியிருக்காக. ஆனா கூட்டத்துல ஒரே ஒருத்தர் சரியாச் சொல்லிட்டா, இந்தத் தலையாட்டல் வெகுவாக் கொறஞ்சு போகுமாம்.

அடியே, அந்த ஒருத்தியா இங்க நாந்தானே இருக்கேன்! இங்க ஏன்டி கொறயல?

அந்தக் காலத்துல இங்க செட்டிநாட்டுல வீடு கட்டுனவுகளும் ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் செஞ்சதுதானேம்பீக. இருக்கட்டுமே. பக்கத்து வீட்டுல பர்மாத் தேக்குத் தூணைப் பாத்துட்டு அவுகளும் எறக்கியிருப்பாக, இத்தாலி மார்பிளைப் பாத்துட்டு அதையும் எறக்கியிருப்பாக. ஆனா கட்டி முடிச்சாகள்ல? பாதியில நிறுத்திட்டு அடுத்தவன் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கலையே!

கருத்துச் சொல்ற மகராசனுக கொஞ்சப்பேரா? தெருவுல போறவுகளுக்கெல்லாம் எங்க வீட்டுத் தரை மேல ஒரு அக்கறை. இனிமே எங்க வீட்டுக்காரவுக காதுல என்னத்தையாச்சும் போடுறவுக, அப்படியே ஆத்தங்குடியில குடுத்த அட்வான்ஸையும் எறுகின சிமெண்டுக் காசையும் எங்கிட்ட எண்ணி வச்சுட்டு, கொத்தனாரையும் கையோட கூட்டியாந்து விட்டுட்டுப் போங்க.