டிரினிடாடில் 2018 தீர்ப்போடு கதை முடியவில்லை

“டிரினிடாட் அண்ட் டொபாகோவில் 2018லேயே தன்பாலின உறவு குற்றமில்லை என்றாகிவிட்டது, இனி பயமில்லை” என்று அந்தக் கரீபியன் தீவு நாட்டைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. தன்பாலின உரிமைச் செயற்பாட்டாளர் ஜேசன் ஜோன்ஸ் தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நீதிமன்ற வாசலிலேயே வானவில் கொடிகள் பறந்தன. ஆனால் அரசு மேல்முறையீடு செய்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. அதிகபட்ச தண்டனையை 25 ஆண்டிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள், அவ்வளவுதான். குற்றம் குற்றமாகவே திரும்பி வந்தது. காரணம், காலனி காலச் சட்டங்களை நீதிமன்றம் ரத்து செய்ய முடியாதபடி அரசியலமைப்பே தரும் பாதுகாப்பு. அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். அங்கே போகிறவர்கள் பழைய செய்தியை நம்பிப் போய்விடாதீர்கள், தயவுசெய்து.