ஆயுள்னா 14 வருஷம் இல்லண்ணே

அண்ணே, "ஆயுள் தண்டனைன்னா 14 வருஷத்துல வெளிய வந்துடுவான், அதனாலதான் தூக்கு வேணும்"னு மேல எழுதியிருக்கீங்க. அது தப்பு. ஆயுள்னா சாகுற வரைக்கும்தான். 1961லயே, காந்தி கொலை வழக்குல ஆயுள் தண்டனை வாங்குன கோபால் கோட்சே போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிடுச்சு.

அந்த 14 எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 1978ல சேர்த்த சட்டப்பிரிவுலேர்ந்து. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்துல ஆயுள் கிடைச்சவரை, 14 வருஷம் உள்ள இருக்காம தண்டனையைக் குறைச்சு விடக்கூடாதுன்னு அது சொல்லுது. முடிஞ்சதும் கதவு தானா திறக்காது. அரசு மறுக்கலாம். 20, 30 வருஷத்துக்குத் தண்டனைக் குறைப்பே கிடையாதுன்னு உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புலயே எழுதலாம். 2015லயும் இது உறுதியாச்சு. உதாரணத்துக்கு, ராஜீவ் கொலை வழக்குப் பேரறிவாளன் 1991ல கைதானவர், 2014ல தூக்கு ஆயுளாச்சு, விடுதலை 2022ல.

வியாசர்பாடியில எங்க தெரு அத்தை ஒருத்தங்க, மகனைப் பார்க்க புழலுக்கு மனு போட்டுப் போறாங்க. 17 வருஷமா அதே மஞ்சப்பை, பையோட காது ரெண்டும் தைச்சுத் தைச்சுத் தடிச்சுப்போச்சு. கொலையானவங்க வீட்டு வலி இதைவிடப் பெருசு, அதை நான் மறுக்கல. தூக்கு சரியா தப்பான்னு எவ்வளவு வேணா பேசலாம்ணே, அந்த 14 வருஷ வரியை மட்டும் தயவுசெஞ்சு திருத்திடுங்க.