ஆவாரம்பட்டையை மறந்துவிட்டோம்

பொங்கலை ஒட்டிக் கொங்கு நாட்டில் கொண்டாடும் பூப்பறிக்கிற நோம்பிக்கு இந்த வருடம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஆவாரம்பூ தேடிப் போனேன். தாராபுரம் பக்கம் எங்கள் ஊர். சின்ன வயதில் வாசலைத் தாண்டினாலே மஞ்சள்தான். இப்போது இரண்டு கிலோமீட்டர் நடந்து, ஒரு பழைய வேலியோரம் ஏழெட்டுச் செடி கண்டோம். மற்ற இடமெல்லாம் வீட்டுமனை பிரித்து நட்ட சைட் கல்.

ஒரு கொத்தை ஒடித்து அவளிடம் கொடுத்தேன். ஐந்து மஞ்சள் இதழ்கள், நடுவில் வளைந்த கேசரங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் மாதிரி சின்ன இலைகள் இருக்கும். பூ இல்லாத நாளிலும் அதை வைத்தே ஆவாரையைக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்றைக்கு ஆவாரம்பூ என்றால் குளிக்கப் பொடி, சர்க்கரைக்கு டீ. சரி, இருக்கட்டும். பாசிப்பருப்புப் போட்டு அம்மா வைக்கும் ஆவாரம்பூக் கூட்டு எனக்கு உயிர். ஆனால் டீயை நம்பிச் சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

நான் சொல்ல வந்தது பட்டையைப் பற்றி. ஆவாரம்பட்டையில் துவர்ப்பு அதிகம். அந்தத் துவர்ப்புதான் தோலை அழுகாமல் பதனிடும். தென்னிந்தியத் தோல் தொழிலே ஒரு காலத்தில் அதை நம்பித்தான் நடந்தது. பட்டையை இடித்துத் தண்ணீரில் போட்டு, அந்தச் சாற்றில் தோலை நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். கிணற்றில் தண்ணீர் இறைத்த தோல் சால்களுக்கும் இந்தப் பட்டைதான் உழைத்தது.

அப்புறம் தோல் பதனிட வெளிநாட்டு வேட்டில் மரத்தின் பட்டை வந்தது. அதற்காகவே நீலகிரியிலும் பழநி மலையிலும் புல்வெளிகளில் வேட்டிலை நட்டார்கள். சோலைக் காடுகளுக்கு நடுவே இருந்த புல்வெளி அதனடியில் மறைந்தது. அந்த வேட்டிலை அகற்ற இன்றும் பாடுபடுகிறார்கள். இன்னொரு பக்கம், பட்டைக்குப் பதிலாகக் குரோமியம் என்ற உலோகத்தின் உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது. பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் கெட்ட கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

மறுபடியும் எல்லாத் தோலையும் ஆவாரையில் பதனிட முடியாது. அந்த அளவுக்குச் செடியும் இல்லை. ஆனால் தண்ணீர் கேட்காமல், உரம் கேட்காமல், கல்லாங்காட்டில் தானாக வளரும் செடியைக் களை என்று புல்டோசர் வைத்துத் தள்ளுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வரப்போரம், வேலியோரம் இருப்பதையாவது விட்டுவையுங்கள். தழையை வயலுக்குப் போடலாம். வெயிலில் வேலை செய்பவர்கள் தலையில் இலையை வைத்துத் துண்டு கட்டிக்கொள்வதை எங்கள் ஊரில் இன்றும் பார்க்கலாம்.

அக்கா மகள் காய்ந்த நெற்று நாலைந்தைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு வந்தாள். விதைத் தோல் கடினம் என்பதால் வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து வேலியோரம் போட்டோம். மூன்று முளைத்திருக்கின்றன.