பார்க்காதவர் மூடச் சொல்கிறார்

அந்தக் காணொளியைப் பற்றித்தான். எந்தக் காணொளி என்று கேட்க மாட்டீர்கள். சிங்கப்பூர்த் தமிழர் வாட்ஸ்அப் குழு ஏதாவது ஒன்றில் இருந்தாலே இந்த வாரம் உங்களுக்கும் வந்திருக்கும். ஒருவர் மைக்கைப் பிடித்து, "சன் டிவி, விஜய் டிவி எல்லாம் இருக்கும்போது வசந்தம் எதுக்குங்க? யாரு பாக்குறா? மூடிட்டு அந்தக் காசப் பிள்ளைங்க படிப்புக்குக் கொடுக்கலாம்ல?" என்கிறார். வசந்தம் என்றால் சிங்கப்பூரின் தமிழ்த் தொலைக்காட்சி ஒளிவழி (சேனல்). அவர் கேட்டது போகட்டும், மைக் கிடைத்தால் மனிதர் ஏதாவது கேட்பார்தான். அரங்கமே சிரித்துக் கைதட்டியது பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தமிழ் நிகழ்ச்சி என்று சொல்லி வந்த கூட்டம் அது. கொஞ்ச நேரம் முன்புதான் தமிழை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவதைப் பற்றி ஒருவர் பேசி முடித்திருந்தார். அதற்கும் இதே கைகள்தான் தட்டின.

உங்களுக்குப் பிடிக்கவில்லையா, பார்க்காதீர்கள். யாரும் கட்டிப்போட்டு உட்கார வைக்கவில்லை. ஆனால் நான் பார்ப்பதில்லை, அதனால் யாருக்கும் இருக்க வேண்டாம் என்பது என்ன நியாயம்?

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். சிரித்தவர்களில் பாதிப் பேருக்காவது இது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். 1963 பிப்ரவரி 15 அன்று விக்டோரியா நினைவு மண்டபத்தில் இந்த ஊரின் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தவர், அப்போது கலாசார அமைச்சராக இருந்த எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். சரி, தமிழர் கையால் தொடங்கியதே, தமிழுக்கு எப்போது தனி ஒளிவழி கிடைத்தது? 2008 அக்டோபர் 19. நாற்பத்தைந்து வருஷம் கழித்து! அதுவரை நமக்கு ஒண்டுக்குடித்தனம்தான். முதலில் ஒளிவழி 8இல் சீன நிகழ்ச்சிகளுக்கு நடுவே. தொண்ணூறுகளின் நடுவில் மூட்டை கட்டிக்கொண்டு பிரைம் 12க்குப் போனோம், அங்கே மலாய் நிகழ்ச்சிகளோடு. 2000 ஜனவரியில் மலாய்க்காரர்களுக்கு சூரியா வந்தது. நமக்கு 'வசந்தம் சென்ட்ரல்'. பெயரில் வசந்தம் இருந்தது, ஆனால் குழந்தைகள் நிகழ்ச்சியும் கலை நிகழ்ச்சியும் ஓடிய அதே ஒளிவழியில் நமக்கு ஒதுக்கிய நேரம்தான் அது. என் வயதுக்காரர்களுக்கு எட்டில் தமிழ்ப் படம் போடும் நாள் ஞாபகம் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து தரையில் உட்காருவார்கள். தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

இன்னொன்றையும் கேளுங்கள். 2008இல் அதே நாளில் அந்தப் பொது ஒளிவழியிலிருந்து நம்மைப் போலவே பிரிந்து தனியாகப் போன, குழந்தைகள், கலை நிகழ்ச்சிகளுக்கான ஒளிவழி ஒக்டோ. இப்போது எங்கே அது? 2019 மே மாதம் முதல் கிடையாது. அதன் நிகழ்ச்சிகளை ஒளிவழி 5இல் சேர்த்துவிட்டார்கள். அதற்குப் போய்ச் சேர ஓர் ஆங்கில ஒளிவழி இருந்தது. நாளைக்கு வசந்தத்தை மூடினால் நாம் எதில் போய்ச் சேர்வது? திரும்பவும் எட்டிலா? விட்ட இடத்தை யாராவது துண்டு போட்டு வைத்திருப்பார்களா நமக்கு?

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல். கிருமிக்குப் பயந்து ஊரே அடங்கிக் கிடந்த சமயம். அம்மா ஈசூனில் தனியாக இருந்தார். சோங் பாங் சந்தைக்குப் போகாவிட்டால் அவருக்கு அன்றைய பொழுதே ஓடாது. அந்த மாதம் 22ஆம் தேதியிலிருந்து சோங் பாங், கெலாங் சிராய் உட்பட நான்கு சந்தைகளில் ஒரு விதி வந்தது. அடையாள அட்டையின் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஒற்றைப்படைத் தேதியில்தான் உள்ளே போகலாம், இரட்டைப்படை என்றால் இரட்டைப்படைத் தேதியில். வேலைக் களேபரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. அம்மாதான் போன் பண்ணி, "எனக்கு இரட்டப்படை நம்பர், நாளைக்கு மறுநாள்தான் போகணுமாம்" என்றார். யார் சொன்னது என்றேன். "டிவியிலதான் சொன்னாங்க, தமிழ்ச் செய்தியில." என் வீட்டில் சந்தா கட்டிப் பார்க்கும் சென்னை ஒளிவழிகள் அந்தச் சமயத்தில் கோயம்பேடு சந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. அது அவர்கள் ஊர், அவர்கள் சந்தை, பேசத்தான் வேண்டும். சோங் பாங்கைப் பற்றிச் சன் டிவி ஏன் பேசப்போகிறது?

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு விதி மாறினாலும், மத்திய சேமநிதியில் ஏதாவது புதிதாக வந்தாலும், நம் ஊர்ச் செய்தியை நம் மொழியில் சொல்லும் தொலைக்காட்சி இது ஒன்றுதான். இரண்டாவது கிடையாது.

"தரமே இல்லையே" என்பார்கள். சில நாடகங்களைப் பார்த்து நானும் தலையில் அடித்துக்கொண்டதுண்டு. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நின்று பேசுகிற பையன் மதுரைப் படத்தில் வரும் வில்லன் மாதிரி வசனம் பேசினால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் உங்கள் மெகா சீரியலில் ஒரு மாமியார் தலையைத் திருப்பிப் பார்க்கவே கால் மணி நேரம் ஆகிறது, இடி மின்னல் வேறு. அதை மாதச் சந்தா கட்டிப் பார்க்கிறீர்கள். அங்கே கேட்காத தரத்தை இங்கே மட்டும் கேட்பீர்களா? இங்கே இருப்பது சின்னச் சந்தை. நாடகத்தில் நடிக்கிற பிள்ளைகளில் எத்தனையோ பேர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு இருக்கிற ஒரே மேடையைத்தான் நீங்கள் சிரித்துக்கொண்டே இடிக்கச் சொல்கிறீர்கள்.

"எங்கள் வரிப்பணம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். 2011இல் ரத்தாகும் வரை வீட்டுக்கு ஆண்டுக்கு 110 வெள்ளி (டாலர்) தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டினோமே, அப்போது கேட்டிருக்கலாம். வரி நானும்தான் கட்டுகிறேன். என் பங்கை வசந்தத்துக்கே கொடுக்கட்டும், போதுமா?

"இளையர் யாரும் டிவி பார்ப்பதில்லை." எந்த மொழி டிவியைத்தான் இளையர் பார்க்கிறார்கள்? அதற்காக ஒளிவழி 8ஐ மூடுங்கள் என்று சீனர்கள் கூட்டம் போட்டுக் கைதட்டுகிறார்களா? மீவாட்ச் இணையச் செயலியில் வசந்தம் நிகழ்ச்சிகள் இருக்கின்றன, கைப்பேசியிலேயே பார்க்கலாம். மனம் இருந்தால்.

வசந்தத்தை நடத்தும் மீடியாகார்ப்பில் எனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. இதை எழுத யாரும் காசு கொடுக்கவும் இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், கருத்துப் பகுதியில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுகிறவர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் 2.5. அந்த அரங்கில் சிரித்தவர்களைக் கேட்கிறேன், உங்கள் வீடு இந்த 2.5இல் இருக்கிறதா? மேடையில் திருக்குறள், வாசலைத் தாண்டினால் பிள்ளையிடம் ஆங்கிலம். உங்கள் வீட்டில் தமிழ் இல்லாமல் போனதற்கு வசந்தமா காரணம்? இன்னும் தமிழ் பேசும் வீடுகளுக்கென்று இருப்பதையும் ஏன் பிடுங்கப் பார்க்கிறீர்கள்? அதிகாரபூர்வ மொழி என்ற தகுதி சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் சந்தைக்கு எந்தத் தேதியில் போகலாம் என்று அந்தப் புத்தகம் என் அம்மாவுக்குச் சொல்லாது.

இவ்வளவும் எழுத வைத்தது அந்தப் பேச்சாளர்கூட இல்லை. எங்கள் குடும்பக் குழுவில் அந்தக் காணொளிக்குக் கீழே, "சரியாச் சொன்னார்" என்று என் மச்சான் போட்டிருந்தார், கைதட்டும் பொம்மையோடு. (இந்த மச்சானுக்கும் மீடியாகார்ப்புக்கும் சம்பந்தமில்லை, அவர் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார்.) சில வருஷங்களுக்கு முன்பு அவர் மகள் வசந்தத்தில் ஒரு சிறுவர் நிகழ்ச்சியில் வந்தாள். அந்தக் காட்சியை வெட்டி இந்தியாவில் இருக்கிற சொந்தக்காரர்கள் வரை அனுப்பி, "எம் பொண்ணு டிவியில" என்று நெஞ்சு நிமிர்த்தியவர் இவர்தான். அப்போது யாரு பாக்குறா என்று இவர் கேட்கவில்லை. மறுநாள் சோங் பாங் காப்பிக்கடையில் முன்பின் தெரியாத ஒரு பாட்டி அந்தப் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "நேத்து டிவியில வந்தது நீதானேம்மா?" என்று கேட்டதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நேற்று இரவு அந்தக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். ஏன் என்று கேட்டு யாரும் போன் பண்ண வேண்டாம். தீபாவளிக்கு வீட்டுக்கு வருவேன், அத்தையின் முறுக்குக்காக. மச்சானோடு பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது.