மோனேயின் பாப்பி வயலில் போர் இல்லை

பிரெஞ்சு ஓவியர் மோனேயின் 'பாப்பி வயல்' ஓவியத்தைப் பற்றி, 'மோனே வரைந்த சிவப்புப் பாப்பிப் பூக்கள் முதல் உலகப் போரில் செத்த வீரர்களின் ரத்தம்' என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஆண்டுக் கணக்கே உதைக்கிறதே! பாரிஸுக்குப் பக்கத்தில் அர்ஜான்தேயில் குடியிருந்தபோது, 1873-இல் மோனே வரைந்த படம் இது. மறு ஆண்டே, கண்ணில் பட்ட ஒளியையும் நிறத்தையும் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் முதல் கண்காட்சியில் வைத்துவிட்டார். போர் தொடங்கியது 1914-இல். பாப்பிப் பூ போர் நினைவோடு பரவலாக ஒட்டிக்கொண்டது கனடாக் கவிஞர் ஜான் மெக்ரேயின் 1915 கவிதைக்குப் பிறகுதான், அதுவும் முக்கியமாக ஆங்கிலம் பேசும் நாடுகளில். பிரான்சில் அதற்கு அணிவது வேறொரு காட்டுப்பூ, நீல நிறத்தில்.

1870-இல் பிரான்சும் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவும் மோதிய போரை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், படத்தில் அதற்கும் பிடி கிடைக்காது. இருப்பதெல்லாம் குடை பிடித்த ஒரு பெண், பக்கத்தில் தொப்பி போட்ட பிள்ளை (மோனேயின் மனைவி கமீலும் மகன் ழானும் என்பார்கள்), மேலே சரிவில் இன்னொரு பெண்ணும் பிள்ளையும், பின்னால் மரங்கள், ஒரு வீடு.

ரத்தத்தைத் தேடுவதை விட்டுவிட்டு முன்பக்கப் பூக்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். இதழும் கிடையாது, தெளிவான காம்பும் கிடையாது. அளவுக்கு மீறிப் பெரிய சிவப்புத் திட்டுகள், அவ்வளவுதான். இடப்பக்கச் சரிவு முழுக்கச் சிவப்பு, வலப்பக்கம் நீலம் கலந்த பச்சை. வெயிலில் அந்த வயல் கண்ணில் பட்ட விதத்தைப் பிடிக்கத்தான் மனிதர் பாடுபட்டிருக்கிறார். அசல் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.