மாடியில் மீன், கீழே நான்

(சென்னை வில்லிவாக்கத்தில் ஒரு வீட்டின் முதல் மாடி. வாடகைக்கு இருக்கும் முரளி, கொளத்தூரில் வாங்கப்போகும் மீன்தொட்டிக்கான வடிகால் படத்தைக் கையில் வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் சபாபதியின் படுக்கையறை இந்தக் கூடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. ஆகவே அவர் கண்ணாடி, பேனா, கால்குலேட்டர் சகிதம் வந்திருக்கிறார்.)

முரளி: தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், சார். மேலே நிரம்பி வழிகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே வடிகட்டிய பிறகு பம்ப் அதை மறுபடியும் மேலே ஏற்றிவிடும். தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்குமே தவிர, வெளியே ஒரு சொட்டுக்கூட வராது.

சபாபதி: இதற்கு முன் இருந்தவரும் வாஷிங் மெஷின் வாங்கிய அன்று இதையேதான் சொன்னார், தம்பி. அவர் காலிசெய்துகொண்டு போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற கறை மட்டும் எங்கள் சீலிங்கில் இலங்கை வரைபடம் போல இன்னும் இருக்கிறது. படத்தைக் கொடுங்கள். வடிகால் துளையை ஏன் தொட்டியின் அடியில் போட்டிருக்கிறீர்கள்?

முரளி: தண்ணீர் கீழ்நோக்கித்தானே போகும், சார்?

சபாபதி: அதனால்தான் கேட்கிறேன். அடியில் குழாயை இணைக்க மாட்டிய டேங்க் நிப்பிளின் வாஷர் என்றைக்காவது இளகினால், 255 லிட்டரும் கடைசிச் சொட்டுவரை என் வீட்டுக்கு வந்துவிடும். துளையைப் பின்பக்கக் கண்ணாடியில், மேல் விளிம்பை ஒட்டிப் போடுங்கள். அப்போது எது இளகினாலும் துளைக்கு மேலே நிற்கிற தண்ணீர் மட்டும்தான் வெளியே வரும். மீன்களுக்கும் நீந்துவதற்குத் தண்ணீர் மிஞ்சும்.

முரளி: அப்படியே செய்துவிடலாம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு டிரில் வைத்து நானே...

சபாபதி: வேண்டவே வேண்டாம். டெம்பர் செய்த, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடியாக இருந்தால் டிரில் பட்ட மாத்திரத்தில் அது பொடிப்பொடியாகிவிடும். சாதாரணக் கண்ணாடிதானா என்று முதலில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, தொட்டியை ஒட்டுவதற்கு முன்பே துளையைக் கடைக்காரரிடமே போடச் சொல்லுங்கள். அது சரி, மின்சாரம் போனால் என்ன ஆகும்?

முரளி: பம்ப் நின்றுவிடும், தண்ணீரும் அப்படியே நின்றுவிடும்.

சபாபதி: பம்ப் நிற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் எதற்காக நிற்க வேண்டும்? தண்ணீரை மேலே கொண்டுவருகிற குழாயின் வாய் தொட்டிக்குள் 4 அங்குலம் மூழ்கியிருப்பதாக வரைந்திருக்கிறீர்கள். பம்ப் நின்றதும் அதே குழாய் தண்ணீரைத் திருப்பி உறிஞ்சத் தொடங்கி, அந்த வாயில் காற்று புகும்வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். உங்கள் தொட்டியில் ஓர் அங்குல உயரத்துக்கு எத்தனை லிட்டர்?

முரளி: (கணக்குப் போட்டு) ஏறத்தாழ 14 லிட்டர், சார்.

சபாபதி: ஆக, 4 அங்குலத்துக்கு 56 லிட்டர். 70 லிட்டர் பிடிக்கிற கீழ்த்தொட்டியில் எப்போதும் பாதி நிறைந்திருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீதியிருக்கிற இடம் 35 லிட்டருக்குத்தான். எஞ்சிய 21 லிட்டர் எங்கே போகும்?

முரளி: (குனிந்து தரையைப் பார்க்கிறார்.)

சபாபதி: சரியான இடத்தைத்தான் பார்க்கிறீர்கள்.

முரளி: பம்ப்புக் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுவிட்டால் தண்ணீர் திரும்பி வராதே, சார்?

சபாபதி: ஒரு நத்தைக்குஞ்சோ பாசித்துணுக்கோ அதில் மாட்டிக்கொண்டால் வால்வு முழுதாக மூடாது. நத்தையை நம்பி நான் கீழே படுத்துறங்க முடியாது. குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலம் மட்டும் கீழே இருக்கும்படி உயர்த்துங்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயிலேயே சின்னதாக ஒரு துளையும் போடுங்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் அதன் வழியே காற்று புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும். துளையில் பாசி அடைக்காமல் அவ்வப்போது குச்சியால் குத்திவிடுவது உங்கள் பொறுப்பு. வாடகை ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்த்துவிடுகிறேன்.

முரளி: மீன்தொட்டி வைக்க ஒப்பந்தமா?

சபாபதி: அதன் அடியில் படுக்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அடுத்து, வடிகால் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? பம்ப்புக்கு அது தெரியாது. கீழே இருப்பதையெல்லாம் கடமை தவறாமல் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும்.

முரளி: அதை நானும் யோசித்தேன், சார்! கீழ்த்தொட்டிக்குள் பம்ப் இருக்கிற தடுப்பறையில் 12 லிட்டர்தான் நிற்கும். தொட்டியில் நீர்மட்டத்துக்கு மேலே 2 அங்குலம் காலியாக விடுகிறேன். அந்த இடத்துக்குள் 28 லிட்டர் அடங்கும். பம்ப் தன் பங்கு முழுவதையும் ஏற்றினாலும் வழியாது.

சபாபதி: (முதன்முறையாகக் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்து) இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் காப்பியை முழுதாகக் குடித்துவிட்டு வந்திருப்பேன். இருந்தாலும் இரண்டாவதாக ஒரு குழாய் வேண்டும்.

முரளி: அதுவும் படத்தில் இருக்கிறது. முதல் குழாய் முழுக்க முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஓடும்; அதில் ஒரு வால்வு வைத்து ஓட்டத்தைச் சரிசெய்துகொள்ளலாம். அரை அங்குலம் உயரமாக நிற்கிற இரண்டாவது குழாய் சும்மாதான் இருக்கும். முதல் குழாய் அடைத்து மட்டம் ஏறினால்தான் அதற்கு வேலை.

சபாபதி: முதல் குழாய்க்குப் பால் வால்வு வாங்கிவிடாதீர்கள். அது கால் சுற்றிலேயே முழுக்கத் திறந்து மூடிவிடும்; நுணுக்கமாகத் திருப்ப வராது. பல சுற்றுத் திருப்பக்கூடிய கேட் வால்வு வாங்குங்கள். இரண்டாவது குழாயில் எந்த வால்வும் கூடாது, ஏனென்றால் வால்வு என்று ஒன்று இருந்தால் அதை யாராவது ஒருநாள் மூடுவார்கள். அது போகட்டும், சத்தம் எப்படி? இரவெல்லாம் கொடகொடவென்று கேட்டால் என் மனைவி என்னைத்தான் சந்தேகப்படுவாள்.

முரளி: குழாயில் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து இறங்கினால்தான் அந்தச் சத்தம் வரும், சார். நிறைந்து ஓடுகிற குழாய் ஊமை போல இருக்கும். ஆகவே கொடகொடவென்று கேட்டால் இரண்டாவது குழாய் வேலைசெய்யத் தொடங்கிவிட்டது, அதாவது முதல் குழாய் அடைத்துவிட்டது என்று பொருள்.

சபாபதி: அப்படியானால் அந்தச் சத்தம் இருக்கட்டும். நானே கீழிருந்து துடைப்பக்கட்டையால் சீலிங்கைத் தட்டித் தெரிவிக்கிறேன். வாராவாரம் மாற்றுகிற பழைய தண்ணீரை எங்கே விடப்போகிறீர்கள்?

முரளி: கால்வாசி, அதாவது அறுபது லிட்டர்வரை இருக்கும். ஒரு பைப் போட்டுக் குளியலறைத் தரையில் இருக்கிற வடிகாலான நகானி டிராப்பில் விட்டுவிடலாம் என்று...

சபாபதி: குளியலறை 12 அடி தள்ளி இருக்கிறது, அடிக்குக் கால் அங்குலம் சாய்வு கொடுத்தால் 3 அங்குலம் இறங்க வேண்டும். நீங்களோ வழியில் ஒரு நிலைப்படியின் மேல் பைப்பை ஏற்றி வரைந்திருக்கிறீர்கள். அவ்வளவு சிரமம் எதற்கு? ஜன்னல் வழியாக ஹோஸைத் தொங்கவிடுங்கள். கீழே என் வாழைக்குப் போகட்டும். மீன் கழிவு கலந்த தண்ணீர் செடிக்கு நல்ல உரம். கல்லுப்புப் போட்ட வாரம் மட்டும் எனக்குச் சொல்லிவிடுங்கள், அன்றைக்கு வேண்டாம்.

முரளி: அப்படியானால் தொட்டி வைக்கச் சம்மதமா, சார்?

சபாபதி: ஒரு நிபந்தனை. மீன் வாங்குவதற்கு முன் வெறும் தண்ணீரை நிரப்பி, ஒருநாள் முழுக்க ஒழுகுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு பம்ப்பை ஓடவிட்டு மின்வெட்டுச் சோதனை செய்ய வேண்டும். மெயின் சுவிட்ச் என் வீட்டு வாசலில்தான் இருக்கிறது, நானே அணைக்கிறேன்.

முரளி: நல்லது. எத்தனை மணிக்கு அணைப்பீர்கள் என்று சொன்னால், நான் துணியும் பக்கெட்டுமாகத் தயாராக நிற்பேன்.

சபாபதி: மின்வாரியம் உங்களிடம் மணி சொல்லிவிட்டா அணைக்கிறது?